இவ்வாண்டு சிப்பி முதிரவில்லை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் யாரையும் மன்னிக்கவில்லை. ஏழெழுபது தரம் மன்னிக்க வேண்டும் என்று வேதத்தில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் அதைப் படிக்கும்போது எல்லோரோடும் சேர்ந்து நானும் தலையை ஆட்டுகிறேன். பராங்குசம் ஞாபகம் வந்துவிட்டால் மட்டும் தலை ஆடுவதில்லை. அந்த ஆள் நல்ல சுகத்தோடு இருக்கும்போதே இது அவர் கண்ணில் பட வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

என் பெயர் ஜெயசிங். சொந்த ஊர் நாசரேத். சாத்தான்குளத்துக்கு வெளியே ஒரு மிஷன் தொழுநோய் ஆஸ்பத்திரியில் மருந்து ஸ்டோர் என் பொறுப்பு. என் தங்கை இன்பமணியும் அதே ஆஸ்பத்திரியில்தான் இருந்தாள். நான் சம்பளத்துக்கு, அவள் நோயாளியாக. முதுகில் காசளவு ஒரு தேமல், கிள்ளினால் தெரியவில்லை. அவ்வளவுதான் அவளுக்கு வந்த வியாதி. அதற்கே உடன்குடியில் கருப்பட்டி வியாபாரம் செய்யும் அவள் மாமனார் பொன்னுதுரை அவளை வில்வண்டியில் ஏற்றி எங்களிடம் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போய்விட்டார். அப்பா பேச்சைத் தாண்டாத அவள் புருஷன் தடுக்கவில்லை. கைப்பிள்ளையாக இருந்த மகள் ஜெயசெல்வியை அவர்களே வைத்துக்கொண்டார்கள்.

நோய் அடங்கிவிட்டது, இனி ஒருத்தருக்கும் ஒட்டாது என்று டாக்டர் தேவபிரசாதம் கைப்பட எழுதிக் கொடுத்தார். மாத்திரையை மட்டும் சில வருஷம் விடாமல் சாப்பிட வேண்டும். கடிதத்தை எடுத்துக்கொண்டு நான் உடன்குடிக்குப் போனேன். பொன்னுதுரை அதை வாங்கிப் படித்துவிட்டு, கருப்பட்டிச் சிப்பத்தின் மேல் வைத்தார்.

"மாத்திரைய இவ முழுங்குதாளா, துப்புதாளான்னு நான் எங்கன போயிப் பார்க்க? ஊசின்னா சொல்லும். குத்துறத கண்ணால பார்த்துக்கிடலாம்" என்றார்.

ஊசி அப்போது இல்லை. கிறிஸ்மஸுக்குக் கிறிஸ்மஸ் பிள்ளையைக் கூட்டிவந்து கம்பிவேலிக்கு அந்தப் பக்கம் நிறுத்தி, தாயைக் காட்டிவிட்டுக் கூட்டிப் போவார்கள். கடைசித் தடவை அந்தப் பிள்ளை, "அந்த அக்கா ஏன் அழுவுதா?" என்று கேட்டது.

எழுபத்தாறாம் வருஷம் டாக்டருக்கு இங்கிலாந்திலிருந்து ஒரு செய்தி வந்தது. அவரோடு படித்த ஒருவர் அங்கே ஒரு புது வித்தையைச் செய்து பார்த்துக்கொண்டிருந்தார். பாலிமர் என்ற பொருளில் பொடிப்பொடியாக உருண்டைகள் செய்கிறார்கள். கசகசா அதற்குப் பெரியப்பன். ஒவ்வொரு உருண்டைக்குள்ளும் மருந்து. ஊசியால் உடம்புக்குள் செலுத்திவிட்டால் உருண்டை மெல்ல மெல்லக் கரையும், மருந்து அன்றன்றைக்கு வேண்டிய அளவு மட்டும் கசியும். மாதம் ஒரு ஊசி போதும், மாத்திரை வேண்டாம். சிலருக்குப் போட்டுப் பார்க்க ஒரு குப்பி கப்பலில் அனுப்புகிறோம், பனிக்கட்டியிலேயே வைத்திருங்கள், வெயில் பட்டால் உருண்டைகள் இளகி ஒன்றோடொன்று ஒட்டிப் பாழாகிவிடும் என்று எழுதியிருந்தார்கள்.

முதல் ஊசி எனக்கு என்று இன்பமணி கையைத் தூக்கினாள். நான் மறுபடி உடன்குடிக்கு ஓடினேன். "ஊசின்னா சரி, கூட்டிட்டு வாரும்" என்றார் பொன்னுதுரை. அன்றைக்கே அவள் டிரங்குப் பெட்டியில் சேலைகளை அடுக்கிவிட்டாள்.

தூத்துக்குடி புதுத் துறைமுகத்தில் கப்பல் வந்து நின்றது. தகரப் பெட்டிக்குள் பனிக்கட்டி, பனிக்கட்டிக்குள் கண்ணாடிக் குப்பி, குப்பிக்குள் வெள்ளை வெளேரென்று மருந்து. சரக்கைச் சோதித்தவர் நல்ல மனுஷன். குப்பியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, சலாப ஆபீஸில் ஒரு சீட்டு மட்டும் வாங்கி வந்துவிடுங்கள் அண்ணாச்சி, அஞ்சு நிமிஷ வேலை என்றார். கடல் வழியாக வந்தது, வெள்ளையாக, உருண்டையாக இருந்தால் அது முத்து அல்ல என்று அந்த ஆபீஸ் எழுதித் தர வேண்டுமாம். ஜவ்வரிசிக்குக்கூட வாங்கியிருக்கிறார்களாம்.

முத்துச் சலாபக் கண்காணிப்பு அலுவலகம் என்று பெரிய போர்டு. சலாபம் என்றால் முத்துக் குளிப்பு. இந்தக் கடலில் கடைசியாக முத்துக் குளித்தது அறுபத்தொன்றில். அதற்குப் பிறகு கடல் ஒரு முத்துகூடக் கொடுக்கவில்லை, ஆபீஸ் ஒரு நாள்கூடப் பூட்டவில்லை. வருஷம் ஒரு தரம் படகெடுத்துப் போய் நாலு சிப்பியை அள்ளி வந்து பிளந்து பார்ப்பார்கள். பிறகு சென்னைக்கு ஒரே வரியில் அறிக்கை போகும்: 'இவ்வாண்டு சிப்பி முதிரவில்லை.' சுவரில் பத்து பித்தளைச் சல்லடைகள் வரிசையாகத் தொங்கின. முத்தைத் தரம் பிரிக்கிற சல்லடைகள். ஆயுத பூஜைக்குத் தேய்த்துத் தேய்த்தே தேய்ந்துபோயிருந்தன.

கண்காணிப்பாளர் பராங்குசம் ஆழ்வார்திருநகரிக்காரர். என்னை உட்காரச் சொல்லிக் காப்பி கொடுத்தார். பதினைந்து வருஷமாக முத்து இல்லாத ஆபீஸில் இத்தனை பேருக்கு என்ன வேலை என்று நான் வாய்தவறிக் கேட்டுவிட்டேன். அவர் கோபப்படவில்லை.

"முத்து இருந்தா என்ன கஷ்டம் ஓய்? எண்ணினாப் போறும், ஒரு ஆள் போறும். இல்லாத முத்தைக் கண்காணிக்கணும்னாத்தான் இத்தனை பேர் வேண்டியிருக்கு. இது மெட்ராஸ்ல இருக்கறவாளுக்குப் புரியறதில்லை" என்றார்.

பிறகு பெட்டியைத் திறந்தார்கள். ஆபீஸே ஓடிவந்து சுற்றி நின்றது. சல்லடைக்கு என்றே நியமிக்கப்பட்ட எழுத்தர் சங்கரலிங்கம், வேலையில் சேர்ந்த நாளிலிருந்து சல்லடையில் எதையும் சலித்ததில்லை. குப்பியைப் பார்த்ததும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

பராங்குசம் சட்டப் புத்தகத்தை எடுத்து உரக்கப் படித்தார். முத்து எனப்படுவது யாதெனில்: உருண்டையாக இருக்கும், வெண்மையாக இருக்கும், கடலிலிருந்து கரைக்கு வரும், மூடிய ஓட்டுக்குள் இருக்கும். தகரப் பெட்டியைத் தட்டிப் பார்த்து, "ஓடு" என்றார். ஐயா, இது மருந்து, உள்ளே இருப்பதும் மருந்து என்றேன். முத்துக்குள்ளேயும் ஏதாவது ஒரு மணல் துணுக்கு இருக்கத்தான் செய்யும் ஓய், அதனால் அது முத்து இல்லையென்று ஆகிவிடுமா என்று கேட்டார். என்ன வியாதிக்கு மருந்து என்று சங்கரலிங்கம் கேட்டார். சொன்னேன். எல்லோரும் ஓரடி பின்னால் போனார்கள். ஆனால் பெட்டியைத் திருப்பித் தரவில்லை.

இனிமேல்தான் வயிற்றெரிச்சல். முத்துக் குளிப்பில் ஒரு வழக்கம் உண்டு. சிப்பியை வந்த கையோடு பிளக்க மாட்டார்கள். சுவர் வைத்த ஒரு களத்தில் கொட்டி வெயிலில் அழுக விடுவார்கள். சதை அழுகி, ஈ மொய்த்து, கரைந்துபோன பிறகு கழுவி முத்தைப் பொறுக்குவார்கள். சிப்பிக்கு அது சரி. என் பெட்டியையும் அந்தக் களத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். அக்கினி நட்சத்திரம், தூத்துக்குடி வெயில், கடற்கரை மணல். பனிக்கட்டியை எடுத்து வெளியே எறிந்தார்கள், அது இருந்தால் அழுகாதாம்.

நான் காலில் விழாத குறை. குளிர்ந்த இடத்தில் வைக்கவும் என்று பெட்டியின் மேலேயே அச்சடித்திருப்பதைக் காட்டினேன். பராங்குசம் கண்ணாடியைப் போட்டு நிதானமாகப் படித்தார். அது அவா ஊர் வெயிலுக்கு எழுதினது என்றார்.

பெட்டிக்குக் காவல் போட்டார்கள். சங்கரலிங்கம் தினமும் வந்து முகர்ந்து பார்ப்பார். "இன்னும் நாத்தம் வரல்லியே அண்ணாச்சி" என்று என்னிடமே விசனப்படுவார். ஈ வராதது பற்றி ஆபீஸில் ஒரு கூட்டம் நடந்தது. கருவாடு நாலு வாங்கிப் பெட்டியைச் சுற்றி வைத்தார்கள். ஈ வந்தது. கண்காணிப்பாளர் திருப்தியாகத் தலையசைத்தார்.

அதற்கு நடுவில் பங்குப் பிரச்சினை கிளம்பியது. எடுத்ததில் மூன்றில் இரண்டு பங்கு சர்க்காருக்கு, ஒரு பங்கு குளித்தவனுக்கு, இதுவும் பழைய வழக்கம். "நீர் குளிச்சீரா?" என்று பராங்குசம் கேட்டார். இல்லை என்றேன். அப்படியானால் உமக்கு ஒரு பங்கும் கிடையாது, குளித்த ஆளைக் கூட்டி வாரும் என்றார். மூன்றில் ஒரு பங்காவது மிஞ்சினால் என் தங்கைக்கு ஆகுமே என்று நான் கடற்கரைக்கு ஓடினேன். சங்கு குளிக்கும் மிக்கேலைக் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சிக் கூட்டி வந்தேன். பெட்டியைக் கயிற்றில் கட்டி அவன் இடுப்பில் கோர்த்தார்கள். ஆபீஸ் முழுவதும் படகுத்துறைப் பாலத்தில் நின்று பார்க்க, அவன் கடலில் குதித்து, பெட்டியோடு மேலே வந்தான். அந்த மருந்துக்குத் தூத்துக்குடியில் கிடைத்த ஒரே குளிர்ச்சி அதுதான்.

"பொறந்ததுல இருந்து குளிக்கேன் அண்ணாச்சி. தேடுற சாமானை இடுப்புல கட்டிக்கிட்டே தேடப் போனது இன்னைக்குத்தான்" என்றான் மிக்கேல், தலையைத் துவட்டிக்கொண்டே.

பெட்டி மறுபடி களத்துக்குப் போனது. நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். இன்பமணி வாசலிலேயே நின்றாள், அவள் டிரங்குப் பெட்டி கட்டி வைத்தபடி இருந்தது. "வந்துட்டாண்ணே?" என்றாள். வரும் ஏளா, சர்க்கார் காரியம், கொஞ்சம் இழுக்கும் என்றேன். அவள் கையில் பிள்ளைக்கென்று பின்னிய சிவப்புக் கம்பளி உடுப்பு ஒன்று இருந்தது. அது எந்த வயதுப் பிள்ளைக்கு என்று பார்த்தேன். விட்டுவந்தபோது இருந்த அளவுக்கே பின்னியிருந்தாள். சொல்ல மனம் வரவில்லை.

அழுகியது போதும் என்று ஒருநாள் முடிவு செய்து களத்தைத் திறந்தார்கள். குப்பியை உடைத்தார்கள். பொடி இல்லை. எல்லா உருண்டையும் இளகி ஒட்டி, ஒரே உருண்டையாக, அரைநெல்லிக்காய் அல்ல, பெருநெல்லிக்காய் அளவுக்குத் திரண்டு கிடந்தது. வெள்ளை, மேலே ஒரு மங்கின பளபளப்பு. என் தங்கையின் ஊசி, அவள் வீடு, அவள் பிள்ளை எல்லாம் சேர்ந்து ஒரு கட்டியாகிக் கிடந்ததை நான் பார்த்தேன். அவர்கள் வேறொன்றைப் பார்த்தார்கள்.

சங்கரலிங்கம் அதை முதல் சல்லடையில் வைத்தார். இருக்கிறதிலேயே பெரிய கண் உள்ள சல்லடை. உருண்டை விழவில்லை. உலுக்கினார், விழவில்லை. பராங்குசம் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். ஐயா, அது பாழாய்ப்போன மருந்து, தயவுசெய்து கேளுங்கள் என்று நான் கத்தினேன். அவர் என் தோளில் கையை வைத்து, நீர் கொண்டுவரும்போது அது மருந்தாக இருந்திருக்கலாம் ஓய், எங்க களத்துல வச்சப்புறம் முத்தாயிடுத்து, அதுக்குத்தானே ஆபீஸ் இருக்கு என்றார். பங்கு பற்றிக் கேட்டேன். ஒற்றை முத்தை வெட்ட முடியாது, ஆகையால் மூன்று பங்கும் சர்க்காருக்கு.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடமாட்டான் என்பார்கள். அந்தப் பூசாரிக்குக் கோயிலும் இல்லை, சாமியும் இல்லை என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

ஆஸ்பத்திரிக்குத் திரும்பி இன்பமணியிடம் விஷயத்தைச் சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன். பெட்டியைத் திறந்து சேலைகளை எடுத்து ஒவ்வொன்றாகக் கொடியில் போட்டாள். "பரவாயில்லண்ணே, நீ சாப்பிட்டியா?" என்றாள். அந்தப் பரவாயில்லையைக் கேட்ட பிறகுதான் எனக்குள் இருந்த நல்ல மனுஷன் செத்தான்.

மறுநாள் தலை வாரி, சட்டை மாற்றி, நானே சலாப ஆபீஸுக்குப் போனேன். எனக்குப் புத்தி வந்துவிட்டது ஐயா, அது முத்துதான் என்றேன். பராங்குசம் என்னைக் கட்டிக்கொண்டார். சென்னையிலிருந்து செயலாளரே நேரில் வருகிறார், பந்தல் போட்டு விழா எடுக்கப்போகிறோம் என்றார். விழா ஏற்பாட்டில் நான் ஒரே ஒரு யோசனைதான் சொன்னேன். முத்தைக் கண்ணாடிப் பேழையில் வையுங்கள், மேலே ஒரு பெரிய பல்பு போடுங்கள், அப்போதுதான் ஒளி தெரியும். அருமையான யோசனை என்று சங்கரலிங்கம் இருநூறு வாட்ஸ் பல்பு வாங்கி வந்தார்.

விழா அன்று நல்ல வெயில். முன்வரிசையில் எனக்கும் நாற்காலி. பேழையில் பல்பு எரிந்தது. பராங்குசம் மைக்கைப் பிடித்தார்.

"கடல் கொடுக்காததைக் கப்பல் கொடுத்தது. கப்பல் கொடுக்காததை வெயில் கொடுத்தது. இந்த அலுவலகம் செய்ததெல்லாம் ஒன்றுதான், காத்திருந்தது. பதினைந்து ஆண்டுகள் ஒன்றும் செய்யாமல் இருந்ததால்தான் இந்த முத்து கிடைத்தது. இடையில் யாராவது ஏதாவது செய்திருந்தால் கிடைத்திருக்குமா?" என்று கேட்டார். கைதட்டல் ஓய நேரமானது. இன்னும் அதிக ஆட்களும் ஒரு ஜீப்பும் கொடுத்தால் இதைவிட நன்றாகக் காத்திருப்போம் என்று அவர் உறுதி கூறினார். செயலாளர் மேடையிலேயே ஜீப்பை அறிவித்தார்.

இந்தப் பேச்செல்லாம் முடிவதற்குள் பேழைக்குள் முத்து முதலில் வேர்த்தது போல இருந்தது, பிறகு ஒரு பக்கம் சாய்ந்தது. பராங்குசம் அதை வெல்வெட்டோடு எடுத்துச் செயலாளரின் உள்ளங்கையில் வைத்தார். செயலாளர் அதைத் தூக்கிக் கூட்டத்துக்குக் காட்ட விரல்களால் பிடித்தார். பிடித்தது பிடித்தபடி இழுபட்டது. விரலிலிருந்து விரலுக்கு நூல் ஓடியது. பதறிப்போய் பராங்குசம் துடைக்கப் போக, அவர் கையிலும் ஒட்டிக்கொண்டது. இரண்டு பேரும் கையைப் பிரிக்க முடியாமல் மேடையில் நின்றார்கள்.

"என்னய்யா இது?" என்றார் செயலாளர்.

நான் எழுந்து நின்றேன். கைகட்டி, மரியாதையாகச் சொன்னேன். "பெருவியாதிக்காரங்களுக்குப் போடுற மருந்துங்க ஐயா."

அந்த மருந்து கையில் பட்டால் நோய் வராது. மருந்து பட்டால் வியாதி வருமா என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். செயலாளருக்குத் தெரியவில்லை, நானும் எடுத்துச் சொல்லவில்லை. பட்டு வேட்டியும் பொன்னாடையுமாக அவர் கடலைப் பார்த்து ஓடினார், ஒட்டிய கையோடு பராங்குசமும் கூடவே ஓடினார். மிக்கேல்தான் இரண்டு பேரையும் இழுத்துக் கரையில் போட்டான். அந்த ஆபீஸ்காரர்கள் கடலுக்குள் இறங்கியதை அன்றுதான் பார்த்தேன் என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டு திரிகிறான்.

விசாரணை வந்தது. விலைமதிப்பற்ற முத்து ஒன்று சர்க்கார் கணக்கில் ஏறிவிட்டது, ஆனால் முத்து இல்லை. அப்படியானால் இரண்டில் ஒன்று. முத்து இருந்தது, பராங்குசம் அதை விழுங்கிவிட்டார். அல்லது முத்தே இல்லை, மருந்தைப் போய் முத்து என்று எழுதினார். முதலாவதற்கு ஜெயில், இரண்டாவதற்கு ஒரு மெமோ. மனிதர் மெமோவுக்கு ஆசைப்பட்டார். அது மருந்துதான் என்று எங்கள் ஆஸ்பத்திரி சான்று கொடுத்தால் போதும். புது ஜீப்பில் வந்து இறங்கினார். டாக்டர் தேவபிரசாதம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, அது ஜெயசிங் பார்க்கிற விஷயம் என்று சொல்லிவிட்டு வார்டுக்குப் போய்விட்டார்.

நான் முதலில் பெஞ்சை வெயிலில் தூக்கிப் போடச் சொன்னேன். இங்கே ஒரு வழக்கம் உண்டு ஐயா, வந்தவரைக் கொஞ்சம் வெயிலில் வைத்துப் பார்ப்போம் என்றேன். உட்கார்ந்தார். நண்பகல் தாண்டியும் உட்கார்ந்திருந்தார். பிறகு இன்பமணியைக் கூப்பிட்டு ஒரு செம்பு தண்ணீர் கொடுக்கச் சொன்னேன். அவர் செம்பைப் பார்த்தார், அவள் கையைப் பார்த்தார், ஜெயிலை நினைத்துப் பார்த்திருப்பார். குடித்தார். ஒன்றும் ஆகவில்லை.

மூன்றாவதாக ஒரு காரியம் இருக்கிறது, ஜீப்பை எடுங்கள் என்றேன்.

உடன்குடியில் பொன்னுதுரை கடைவாசலில் சர்க்கார் ஜீப் நின்றதும் தெருவே கூடிவிட்டது. டவாலி போட்ட சேவகன் இறங்கினான், பராங்குசம் இறங்கினார், பின்னால் இன்பமணி இறங்கினாள். என்ன சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் நான் சொல்லிக் கொடுத்திருந்தேன். ஆனால் அந்த ஆளுக்குத் தெரிந்த பாஷை ஒன்றுதானே. தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினார்.

"முத்துச் சலாபக் கண்காணிப்பாளராகிய நான் இந்த அம்மாளை நேரில் பரிசோதித்ததில், களங்கம் இல்லை, கீறல் இல்லை, முதல் தரம் என்று இதனால் அறிவிக்கிறேன்" என்றார்.

டாக்டர் கைப்பட எழுதிய கடிதத்தைக் கருப்பட்டிச் சிப்பத்தின் மேல் வைத்த பொன்னுதுரை, தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். "சர்க்காரே சொன்ன பொறவு என்ன இருக்கு. உள்ள வா ஏளா" என்றார்.

இன்பமணி அசையவில்லை. வாசலில் நின்றபடியே சொன்னாள். "வாரேன் மாமா. ஆனா மாத்திரைய நான் துப்புவேன்னு சொன்னீகள்லா, அதனால தெனமும் காலைல நீங்க வந்து உக்காந்து பாக்கணும்." சொன்னபடி இன்றைக்கும் நடக்கிறது. மாத்திரையை விழுங்கி, வாயைத் திறந்து, நாக்கைத் தூக்கிக் காட்டி, அவர் சரி என்று சொன்ன பிறகுதான் மாமனாருக்குக் காப்பி கொடுக்கிறாள். முதல் ஒரு வாரம் ஜெயசெல்வி அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டாள். பிறகு மாறிவிட்டது.

சரி, சான்று என்னாயிற்று என்று கேட்பீர்கள். பராங்குசமும் அதைத்தான் கேட்டார். ஜீப்பில் திரும்பி வரும்போதே, சொன்னதெல்லாம் செஞ்சாச்சே ஓய் என்றார். எழுதித் தந்தேன், ஒரே ஒரு வரி. அதற்கப்புறம் ஆள் ரிட்டயராகிவிட்டார். விசாரணை முடியாததால் பென்ஷன் நிற்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை ஆழ்வார்திருநகரியிலிருந்து பஸ் பிடித்து வருகிறார். வந்ததும் யாரும் சொல்லாமலே வெயில் பெஞ்சில் போய் உட்கார்ந்துகொள்கிறார். நானும் ஒரு வருஷம் தவறாமல், ஆஸ்பத்திரி முத்திரை குத்தி, அதே ஒரு வரியை எழுதிக் கொடுக்கிறேன்: 'இவ்வாண்டு சான்று முதிரவில்லை.'

போன மாதமும் வந்தார். காகிதத்தை வாங்கிக் கண்ணாடியைப் போட்டு ஒரு தரத்துக்கு இரண்டு தரம் படித்தார். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"வாசகம் சரியாத்தான் இருக்கு" என்றார்.